சுடும் பனி

ஸ்வெட்டர் இருக்கா பாஸ்? தேடி எடுத்து வைங்க. இந்த வாரம் போடிக்கு மேலே போறோம்.

சிலமலையில நின்னு மேற்கே பார்த்தா ஒரு மலைச்சுவர் தெரியும். அதுக்கு அந்தப் பக்கம்தான் நம்ம ஸ்பாட். போடிமெட்டு, பூப்பாறை தாண்டி மூணாறு. அங்கிருந்து ஒரு பக்கம் குண்டளை ஏரி, இன்னொரு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்கா. போடியில பஸ் ஏறும்போது வேர்க்கும். மூணாறுல இறங்கும்போது பல்லு தந்தியடிக்கும்!

உறைபனி பார்க்க டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் சரி. 2019 ஜனவரியில மைனஸுக்கே போச்சு. சிம்லா மாதிரி வானத்துல இருந்து கொட்டுற பனி இல்லீங்க இது. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரை தன்னோட சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுடும். குளிர்ந்த காத்து கனமா இருக்கிறதால, தண்ணி மாதிரி சரிவுல வழிஞ்சு பள்ளத்துல தேங்கிடும். அதனால, 'உச்சியிலதான் பனி ஜாஸ்தி'னு மூச்சு வாங்க ஏறுறவங்களுக்கு அல்வாதான். விடியக்காலையில செண்டுவாரை, சைலன்ட்வேலி பக்கம் பள்ளத்துப் புல்வெளியைப் பாருங்க, உப்பைக் கொட்டினாப்ல இருக்கும். வெயில் ஏறினா ஷோ முடிஞ்சது. எட்டு மணிக்கு எழுந்திருக்கிற கோஷ்டி லாட்ஜ்லயே போர்த்திப் படுத்துக்கலாம்.

நாம போட்டோ எடுக்கிற அதே பனிதான் தேயிலையைக் கருக்குது. ராத்திரி உறைஞ்ச கொழுந்து, காலை வெயில் பட்டதும் தீயில வாட்டினது மாதிரி பழுப்பாயிடும். மறுபடி துளிர்க்கிற வரைக்கும் அந்தச் செடியில பறிக்க ஒண்ணும் இல்லை. குறிச்ச அளவுக்கு மேல பறிக்கிற கிலோவுலதான் கூலிக்கு மேல நாலு காசு பார்க்க முடியும். பறிக்கிறவங்கள்ல நிறைய பேர், தலைமுறைகளுக்கு முன்னாடி நம்ம பக்கத்துல இருந்து மலையேறிப் போன குடும்பத்துக்காரங்க. செல்ஃபிக்காக அந்தச் செடிங்களுக்குள்ள புகுந்து மிதிக்கிறவங்களை என்ன சொல்றது!

பனி கரைஞ்சதும் ராஜமலைக்கு வண்டியை விடுங்க. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இரவிகுளம் பூங்காவுக்கு அதுதான் வாசல். 2,695 மீட்டர் ஆனைமுடி இதுக்குள்ளதான் இருக்கு. நம்ம மாநில விலங்கான வரையாடு ரோட்டோரமா வந்து, 'யாருடா நீங்க?'ங்கிற மாதிரி பார்த்துட்டுப் போகும். பிஸ்கட் நீட்டாதீங்க, ப்ளீஸ்.

'ஜனவரியில செமஸ்டர், மார்ச்ல போறோம்'னு பிளான் போடாதீங்க. வரையாடு குட்டி போடுற சமயம்னு பிப்ரவரி, மார்ச்ல பூங்காவை மூடிடுவாங்க. மலைக்கு இந்தப் பக்கமும் அப்போ ஆபத்துதான். மேலே பனி கருக்கின புல், கீழே வெயில் காயவெச்ச புல், எல்லாமே சருகா நிக்கும். 2018 மார்ச் 11-ல கொழுக்குமலையில இருந்து குரங்கணிக்கு இறங்கின குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்துச்சே, ஞாபகம் இருக்கா? 23 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் நம்ம வயசுக்காரங்க, நம்மளை மாதிரியே வீக் எண்ட் ட்ரிப் வந்தவங்க. புல்லுக்குள்ள தீ ஓடுற வேகத்துக்கு மேட்டுல மனுஷனால ஓட முடியாது.

அதனால ட்ரெக்கிங் ஆசை இருந்தா தீ சீசன் முடியட்டும். வனத்துறை அனுமதியோட, அவங்க அனுப்புற வழிகாட்டியோட மட்டும் போங்க. 'பசங்களுக்கு ரூட் தெரியும் மச்சி'னு எவனாவது கிளப்பினா, அவனை போடி பஸ் ஸ்டாண்டுலயே டீ குடிக்க விட்டுட்டு வந்துடுங்க.