எட்டு மாச ராஜா!

விழுப்புரம் பக்கத்துப் பசங்களுக்கு பனமலைன்னா லீவு நாள் ட்ரிப். மலையேறி, ராஜசிம்ம பல்லவன் கட்டின கோயிலில் அந்தப் பார்வதி ஓவியத்தைப் பார்த்து, '1,300 வருஷமாம்டா!'ன்னு வாயைப் பிளந்துட்டு இறங்கிடுவோம். அதைவிட 200, 300 வருஷம் பழசான சமாசாரம் பக்கத்துத் திருக்கோவிலூர்ல கிடைச்சிருக்கு. ரோமானியச் செப்புக்காசு!

தங்கம் இல்லப்பா. சட்டை பட்டன் சைஸுல, தேய்ஞ்சுபோன சில்லறை. கரூர், மதுரை, திருக்கோவிலூர் மூணு ஊர்லயும் கிடைச்ச இந்தக் காசுகளுக்குன்னே நாணய ஆய்வாளர் இரா.கிருஷ்ணமூர்த்தி 1994-ல இங்கிலீஷ்ல ஒரு புத்தகம் போட்டார். பெரும்பாலும் கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

அந்தக் காலத்து ரோம் ராஜாக்கள்ல என் ஃபேவரைட் ஜோவியன். பாவம் மனுஷன்! 363 ஜூன்ல, பாரசீகத்து மேல படையெடுத்துப் போன இடத்துல ராஜா ஜூலியன் செத்துப்போக, படைவீரர்கள் இவரைப் பிடிச்சு ராஜாவாக்கிட்டாங்க. உயிரோட ஊர் திரும்பினா போதும்னு நிசிபிஸ் கோட்டை நகரத்தையே பாரசீகருக்குத் தாரை வார்த்தார். ஆனா, அவர் அடிச்ச பெரிய வெண்கலக் காசுல என்ன எழுத்து தெரியுமா? 'ரோமானியர்களின் வெற்றி'! நம்ம ஊர் போஸ்டர் பார்ட்டிங்க தோத்துடுவாங்க.

சின்னக் காசு இன்னும் சோகம். இலை மாலைக்கு நடுவுல அஞ்சு வருஷ ஆட்சிக்கான வேண்டுதல். மனுஷன் எட்டு மாசம்கூட முழுசா தாண்டலை. 364 பிப்ரவரியில, தலைநகருக்குப் போய்ச் சேரும் முன்னாடியே, ராத்திரி படுத்தவர் எழுந்திரிக்கலை. அறையில வெச்ச கரியடுப்புப் புகைன்னு ஒரு பேச்சு.

ஆனா காசு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இப்படிப்பட்ட ராஜா லட்டு மாதிரி. பேர் மட்டும் படிக்க முடிஞ்சா போதும், காசு அடிச்ச தேதி எட்டு மாசத்துக்குள்ள அடங்கிடும்!

அந்தப் பேர்தான் முக்கியம். ஆத்துலயோ வயல்லயோ பச்சைக் களிம்பு பிடிச்ச காசு கிடைச்சா, கிடைச்ச இடத்தைக் குறிச்சு வெச்சு, கலெக்டர் ஆபீஸுக்குத் தகவல் சொல்லிடுங்க. 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலைச் சொல்லாம வெச்சுக்கக் கூடாதுன்னு 1878-லயே சட்டம் போட்டாச்சு. முக்கியமா, பாட்டி குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்க்காதீங்க. களிம்போட எழுத்தும் போயிடும்.

காலேஜ்ல என் நண்பன் ஒருத்தன் அப்படித்தான் ஒரு காசைத் தேய்ச்சு, பளபளன்னு கொண்டு வந்து நீட்டினான். தலையும் இல்ல, பேரும் இல்ல. வெறும் செம்பு.