ஜலதோஷமும் காகதாலீயமும்

மூக்கு ஒழுகி, தொண்டை கமறி, உடம்பு சற்றே கணகணத்தவுடன் தெருமுனை மருந்துக்கடைக்குச் சென்று, வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது என்று சட்டம் விதித்திருக்கும் "மூன்று நாள் மாத்திரை"யைக் கேட்டு வாங்கி விழுங்கி, நான்காம் நாள் குணமானதும் அதன் மகிமையை நாலு பேரிடம் பிரஸ்தாபிக்கும் வழக்கம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மிடையே பரவியிருக்கிறது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைத் தர்க்க சாஸ்திரிகள் காகதாலீயம் என்பார்கள். ஜலதோஷமோ பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே விலகும் வியாதி. அது உச்சத்துக்கு ஏறி இறங்கத் தலைப்படும் வேளையில்தான் நாமும் மாத்திரையைத் தேடிப் போகிறோமாதலால், பழம் விழுந்த புகழ் காகத்துக்குச் சேர்ந்துவிடுகிறது.

அம்மாத்திரையின் பெயர் அஸித்ரோமைசின். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர் தனக்கு வேண்டிய புரதங்களைச் சமைத்துக்கொள்ளும் ரைபோசோமைப் பற்றிப் பிடித்து, அவ்வேலையை நிறுத்துவதே இதன் உபாயம். ஜலதோஷத்தை விளைவிக்கும் வைரஸ்களுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து நம் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளும் ஜாதி அவை. அடுப்பே இல்லாதவன் வீட்டுக்கு அடுப்பை அணைக்கப் போகிறவனை என்னவென்று சொல்வது?

"பலிக்காவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன?" என்பார் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொல்லி, காசு கொடுத்து வயிற்றுப்போக்கை வாங்கிக்கொண்டவன்தான். குமட்டல், வயிற்றுவலி, பேதி ஆகியவை இதன் சாதாரண உபத்திரவங்கள்; குடலில் நமக்கு உபகாரமாய் வாழும் நுண்ணுயிர்களையும் இது விட்டுவைப்பதில்லை. இருதயத் துடிப்பில் கோளாறுள்ள சிலருக்கு இம்மருந்து உயிராபத்தாகவும் முடியக்கூடும் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கண்காணிப்புத் துறை 2013இல் எச்சரித்தது. அன்றியும், உடம்பில் தங்கியது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 68 மணி நேரம் பிடிக்கிறபடியால், மாத்திரை தீர்ந்த பிறகும் இது பல நாள் அற்பமாக உள்ளே உலவி, வலுவற்ற கிருமிகளைக் கொன்று, தன்னை எதிர்க்க வல்லவற்றுக்கு மட்டும் இடம் ஒழித்துக் கொடுக்கிறது. பென்சிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசை ஏற்று ஆற்றிய உரையிலேயே, அம்மருந்தை யாரும் கடையில் வாங்கக்கூடிய காலம் வருமாயின், விவரமறியாதவன் குறைந்த அளவில் உண்டு கிருமிகளைப் பழக்கிவிடும் அபாயம் உண்டென்று சொல்லி வைத்தார். அந்தக் காலம் நம் தெருமுனைக்கே வந்துவிட்டது.

அஸித்ரோமைசின் வேண்டிய இடம் வேறு. 2016இல் பாகிஸ்தானத்தின் சிந்து மாகாணத்தில் தலைகாட்டிய டைபாய்டு கிருமி, வழக்கமான மருந்துகள் ஒவ்வொன்றையும் எதிர்த்து நின்றபோது, ஊசியாக ஏற்றும் விலையுயர்ந்த சிலவற்றை நீக்கிப் பார்த்தால், வாயால் உட்கொள்ள வைத்தியர் கையில் மிஞ்சியது அஸித்ரோமைசின் ஒன்றே. அதைத்தான் நாம் மூக்கு ஒழுகலுக்குச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.