காயில் யார் பேச்சைக் கேட்கும்?

ரேடியேட்டரில் தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டப்பட்ட கார், சிக்னலில் ஆவி கக்கி நின்றுவிடுகிறது. பட்டறையில் திறந்து பார்த்தால், அலுமினிய சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்திருக்கிறது. "புது ஹெட்டா, பழைய ஹெட்டா?" என்று மெக்கானிக் கேட்கிறார். இருபது வயதைத் தாண்டிய மாருதி 800க்குப் புது ஹெட் வாங்க யாருக்குத்தான் மனம் வரும்? தில்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று, பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் இருக்கவே இருக்கின்றன. எஞ்சின் எண் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும், ஹெட்டில் அல்ல என்பதால் பதிவுச் சான்றிதழிலும் சிக்கல் இல்லை.

ஹெட் வருகிறது, பூட்டப்படுகிறது, எஞ்சினும் கிளம்புகிறது. மூன்றாம் நாள் மேம்பாலத்தில் ஏறும்போது 'மிஸ்ஸிங்' ஆரம்பிக்கிறது. மெக்கானிக் காயிலை மாற்றுகிறார். பிறகு பிளக் ஒயர்களை மாற்றுகிறார். கடைசியில் கார்புரேட்டரைக் கழற்றுகிறார். உரிமையாளரின் பர்ஸ் இளைக்கிறதே தவிர, கோளாறு தீரவில்லை.

இந்த அலைச்சலுக்குக் காரணம் ஒரு தப்புக் கணக்கு. ஹெட் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதே வண்டியின் காயிலும் ஒயரும் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய காயிலும் ஒயருமே போதும் என்பது வேறு சிலரின் கட்சி. இரண்டுமே பாதிதான் சரி. காயில் என்பது, அதை 'ஆன்-ஆஃப்' செய்வது எதுவோ அதன் பேச்சைக் கேட்கும். ஒயரும் பிளக்கும் ஹெட்டின் பேச்சைக் கேட்கும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

குழப்பம் இந்தியாவில் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாருதி 800 என்ற ஒரே பெயர் 1983 டிசம்பரிலிருந்து 2014 ஜனவரி வரை நீடித்தது. 1999ல் உச்ச நீதிமன்றம் தில்லி வட்டாரத்துக்கு விதித்த புகைக் கட்டுப்பாட்டுக் கெடுவை ஒட்டி, 2000 வாக்கில் கார்புரேட்டர் போய் எரிபொருள் இன்ஜெக்ஷன் வந்தது. சிலிண்டருக்கு 2 வால்வு இருந்த இடத்தில் 4 வால்வு வைத்த வகையும் வந்தது. பெயர்ப் பலகை ஒன்று. உள்ளே இருந்த ஹெட்கள் வேறு. பழைய சாமான் கடையில் "800 ஹெட் கொடு" என்று கேட்டால் எதுவும் கிடைக்கலாம்.

முதலில் காயில். பாயின்ட் வைத்த பழைய வண்டியில் காயிலின் பிரைமரி சுற்று சுமார் 3 ஓம் இருக்கும். 12 வோல்ட் பேட்டரியில் 4 ஆம்பியர் கரன்ட் ஓடும். பாயின்ட் அதைத் தாங்கும். வெளியே தனியாக ரெசிஸ்டர் பொருத்திய வண்டிகளில் காயில் சுமார் 1.5 ஓம். எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கான காயில்களில் பல 1 ஓமுக்கும் குறைவு. "பவர் ஜாஸ்தி" என்று சொல்லி 0.6 ஓம் காயிலைப் பாயின்ட் வண்டியில் மாட்டினால், கணக்குப்படி 20 ஆம்பியர் வரை ஓட முயலும். பாயின்ட் கருகும், காயில் கொதிக்கும். எலெக்ட்ரானிக் முறையில் கரன்ட் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதை மாட்யூலோ கம்ப்யூட்டரோ அளந்து நிறுத்துகிறது. அந்தக் காவல்காரர் இல்லாத இடத்தில் அந்தக் காயிலுக்கு வேலை இல்லை. மாறாக, 3 ஓம் காயிலை எலெக்ட்ரானிக் வண்டியில் வைத்தால் எதுவும் எரியாது. ஆனால் வேகம் கூடக்கூடத் தீப்பொறி மெலியும்.

ஆகவே, உங்கள் வண்டியின் பாயின்ட்டோ மாட்யூலோ கம்ப்யூட்டரோ மாறவில்லை என்றால், ஹெட் எங்கிருந்து வந்தாலும் காயிலை மாற்ற வேண்டியதில்லை. மல்ட்டி மீட்டர் வைத்து ஒரு முறை அளந்தால் போதும். பிளஸ், மைனஸ் மாறாமல் இணைப்பதும் முக்கியம். மாறினாலும் எஞ்சின் ஓடும். ஆனால் பிளக்கில் பொறி பாயக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. அம்பாசடரின் பழைய பி.எம்.சி. எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றினாலும் அது இருந்த இடத்தில் இருக்கும். ஆனால் காம்ஷாஃப்ட் மேலே உள்ள பல எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் முனையில் அமர்ந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாமல் சிலிண்டருக்கு ஒரு காயில் வைத்த வண்டியின் ஹெட்டை வாங்கி வந்தால், உங்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு அதில் உட்கார இடமே இருக்காது. ஒரே காயிலை இயக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு மூன்று காயில்களை இயக்கத் தெரியாது. கம்ப்யூட்டர், ஒயரிங், கிராங்க் சென்சார் எல்லாம் சேர்ந்து வராவிட்டால் அந்த ஹெட் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். நான்கு சிலிண்டர் வண்டியில் 1-4, 2-3 என ஜோடியாகப் பொறி தரும் இரட்டைக் காயிலும் மூன்று சிலிண்டருக்கு உதவாது. அங்கே ஜோடி சேர ஆள் இல்லை.

அடுத்து ஒயரும் பிளக்கும். 2 வால்வு ஹெட்டில் பிளக் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். சாதாரணத் தொப்பி போதும். 4 வால்வு ஹெட்டில் பிளக் நடுவே, ஆழமான குழிக்குள் இருக்கும். அதற்கு நீண்ட கழுத்துள்ள தொப்பி தேவை. குட்டைத் தொப்பியை இழுத்துப் பிடித்து மாட்டினால் மழைக்காலத்தில் கரன்ட் ஹெட்டுக்குத் தாவும். அந்தக் குழியின் சீல் கசிந்தால் எண்ணெய் தேங்கி ரப்பரை ஊற வைக்கும். பழைய ஹெட் வாங்கும்போது சீலைப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

பிளக்கின் மரை நீளத்தையும் பார்க்க வேண்டும். சில ஹெட்களுக்கு 12.7 மி.மீ., சிலவற்றுக்கு 19 மி.மீ. குட்டை மரை ஹெட்டில் நீளப் பிளக்கைத் திருகினால் 6 மி.மீ.க்கு மேல் உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கக்கூடும். என்.ஜி.கே. பிளக்குகளில் எண்ணுக்குப் பின்னால் 'இ' என்றால் 19, 'ஹெச்' என்றால் 12.7. எண்ணுக்கு முன்னால் 'ஆர்' இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு என்று பொருள்.

இன்ஜெக்ஷன் வண்டியில் வெறும் செம்புக் கம்பி ஒயரைப் போடக் கூடாது. அது கிளப்பும் மின் இரைச்சல் ரேடியோவில் கரகரக்கும், சென்சாரையும் குழப்பும். கார்பன் ஒயர்களில் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருப்பது வழக்கம். அளக்கும்போது ஒன்று மட்டும் தனித்து மிக அதிகமாகக் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது என்று அர்த்தம். மாட்டும்போது வரிசை தவறக் கூடாது. மாருதியின் மூன்று சிலிண்டருக்கு 1-3-2, அம்பாசடருக்கு 1-3-4-2.

பலரும் மறந்துவிடுவது லேத் வேலை. வளைந்த ஹெட்டைச் சீவினால் எரியறை சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் பிளக் இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பத்து வருட ஒயர் இன்று கசிவது இதனால்தான். மூன்றாம் நாள் மேம்பாலத்தில் வந்த 'மிஸ்ஸிங்'குக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் ஒயரில் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும். கை வைக்க வேண்டாம்.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் ஒயரைப் பிடுங்கும் பழக்கமும் வேண்டாம். போக வழியில்லாத வோல்டேஜ் காயிலின் உள் காப்பைத் துளைக்கும். எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் இறங்கி கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டெரிக்கும். அதன் விலைக்கு முன் ஹெட் விலை ஒன்றுமே இல்லை.

ஆக, ஹெட் வாங்கக் கிளம்பும்போது கழற்றிய ஹெட், ஒரு பிளக், ஒரு ஒயர் மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போவதே புத்திசாலித்தனம். கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொன்னால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.