ஒரு பாத்தியைச் சும்மா விடுங்கள்



இயற்கை முறையில் காய்கறி போடுகிறவர்கள் நமக்கு எழுதும் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டுவது கத்தரிப் புழுதான். "பஞ்சகவ்யம் அடிச்சாச்சு, வேப்பெண்ணெயும் அடிச்சாச்சு, சொத்தை மட்டும் குறையல." அரை ஏக்கர்க்காரருக்குச் சொத்தைக்காய் என்றால் அந்த வாரச் சந்தைப் பணமே போய்விடும். பலர் தங்கள் பக்குவத்தில்தான் கோளாறு என்று நினைத்து இன்னும் இரண்டு முறை தெளிக்கிறார்கள்.

அந்தப் புழுவின் பிழைப்பைக் கொஞ்சம் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய்விடுகிறது. தன் எச்சத்தாலேயே துளையை அடைத்தும் கொள்கிறது. அதன் பிறகு மேலே எதைத் தெளித்தாலும் எட்டாது. வாடித் தொங்கும் குருத்தை நகத்தால் கீறிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக நெளியும். தைவானில் இயங்கும் உலகக் காய்கறி மையம் தெற்காசிய விவசாயிகளின் வயல்களில் சோதித்த முறை இதை வைத்தே அமைந்தது: வாடிய குருத்துகளை வாராவாரம் கிள்ளி அழிப்பது, ஆண் அந்துப்பூச்சிகளை இனக்கவர்ச்சிப் பொறியில் பிடிப்பது. கிள்ளியதை வரப்பில் வீசினால் புழு அங்கேயே தப்பிப் பிழைக்கும். காய்ப்பு முடிந்த செடிகளை அடுப்புக்கென்று தோட்டத்தோரம் குவித்து வைக்கிறோமே, அதுவும் ஆபத்து. அடுத்த போகத்துக்கான அந்து அதிலிருந்துதான் கிளம்பும்.

வேப்பங்கொட்டைக் கரைசலுக்கும் கணக்கு உண்டு. 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு. கொட்டை எட்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. வெயிலில் வீரியம் போய்விடும் என்பதால் சாயங்காலம் தெளிப்பதே சரி.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ரசாயன மருந்தைத்தான் எழுதித் தருவார்கள் என்ற தயக்கம் பலருக்கு. போனதும் முதல் வார்த்தையாக "நான் இயற்கை முறை" என்று சொல்லிவிடுங்கள். ட்ரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற உயிரி மருந்துகள் பற்றியெல்லாம் அவர்களுக்குத் தெரியாததல்ல. சான்றிதழ் வேண்டுமென்றால், குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை ஒருவர் சரிபார்க்கும் பிஜிஎஸ் முறை சிறு விவசாயிக்குத் தோதானது.

இனி ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பஞ்சகவ்யமோ மீன் அமிலமோ தெளிக்கும்போது ஒரு பாத்தியைத் தெளிக்காமல் விடுங்கள். விதை, தண்ணீர், எரு எல்லாம் மற்ற பாத்திகளைப் போலவே இருக்கட்டும். பறிப்புக்குப் பறிப்பு, தெளித்த பாத்தி ஒன்றின் காயையும் தெளிக்காத பாத்தியின் காயையும் தனித்தனியாக நிறுத்து நோட்டில் எழுதுங்கள். மனம் கேட்காதுதான். ஆனால் தெளிப்பதற்கு ஆகும் செலவும் உழைப்பும் காயாகத் திரும்பி வருகிறதா என்று உங்கள் மண்ணில் அறிய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

அந்த நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று வந்தாலும் அப்படியே அச்சிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்