செயலிக்கு முன் செவி

சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் புதிதாக வந்த பத்துத் திரைப்பாடல்களை ஒலிக்கச் செய்து பாருங்கள். முதல் மூன்று நொடிகளிலேயே பாடகர் யார் என்று சொல்லிவிடுவார். அதே மாணவரிடம், அவர் குடியிருக்கும் புளோக்கின் கீழே தினமும் குரல் கொடுக்கும் பறவைகளில் ஐந்தின் பெயரைக் கேளுங்கள். காகம், மைனா என்பதற்குப் பிறகு பெரும்பாலும் தயக்கம்தான் மிஞ்சும்.

அவருடைய காதில் குறை இல்லை. பாடகரை அடையாளம் காணும் காதுக்குப் பறவையை அடையாளம் காணவும் திறமை உண்டு. பழக்கம்தான் இல்லை.

“அதற்குத்தான் செயலி இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் உருவாக்கிய ‘மெர்லின்’ செயலியில், ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் வசதி 2021ல் சேர்க்கப்பட்டது. கைப்பேசியை நீட்டினால் போதும், பெயர் திரையில் வந்துவிடும். பிறகு எதற்காகக் குரல்களை மனத்தில் பதிய வைக்க வேண்டும்?

என் கருத்து இதுதான்: செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால், முதலில் உங்கள் காது ஒரு பெயரைச் சொல்லட்டும். அதன் பிறகு செயலி அதைச் சரிபார்க்கட்டும். கணிப்பான் கையில் இருந்தும் நாம் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொள்கிறோம். விடை தவறாக வந்தால் ‘இது எப்படிச் சரியாகும்?’ என்று சந்தேகப்படும் திறன் வாய்ப்பாடு தெரிந்தவருக்கே வரும். பறவைக் குரலுக்கும் அது பொருந்தும்.

செயலிக்குக் கற்பித்தவர் யார்?

செயலி நம்மைப் போல ஒலியைக் கேட்பதில்லை, பார்க்கிறது. ஒலியை ‘ஸ்பெக்ட்ரோகிராம்’ என்ற படமாக மாற்றிக்கொள்கிறது. அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நேரம் நகரும். மேலே போகப்போகச் சுருதி உயரும். ஒலி வலுவாக உள்ள இடம் அழுத்தமாகத் தெரியும். ஒவ்வொரு பறவையின் குரலும் அதில் ஒரு தனிக் கோலம் போடும். அந்தக் கோலத்தைத் தான் முன்பு பார்த்த ஆயிரக்கணக்கான கோலங்களோடு ஒப்பிட்டுத்தான் செயலி பெயர் சொல்கிறது.

அந்தக் கோலங்களுக்கு முதலில் பெயர் எழுதியவர்கள் மனிதர்கள். காட்டிலும் வயலிலும் நின்று குரல்களைப் பதிவு செய்தவர்களும், அந்தப் பதிவுகளை மீண்டும் மீண்டும் கேட்டு ‘இந்த இடத்தில் ஒலிப்பது இந்தப் பறவை’ என்று குறித்தவர்களும்தான் செயலியின் ஆசிரியர்கள். பதிவுகள் ஏராளமாக உள்ள வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது சிறப்பாகச் செயல்படுகிறது. பதிவுகள் குறைவாக உள்ள இடங்களில் அது தடுமாறும். நம் வட்டாரப் பறவைகளைச் செயலி நன்றாகக் கற்க வேண்டுமானால், இங்கே காது பழகிய மனிதர்கள் தேவை. அவர்கள் உங்கள் தலைமுறையிலிருந்துதான் வர வேண்டும்.

செயலியை ஏமாற்றும் பறவைகளும் உண்டு. புக்கிட் தீமா, மெக்ரிட்சி காடுகளில் வாழும் துடுப்புவால் கரிச்சான் மற்றப் பறவைகளைப் போலக் குரல் கொடுப்பதில் கெட்டிக்காரப் பறவை. அது இன்னொரு பறவையின் குரலில் கூவினால், அந்த இன்னொரு பறவையின் பெயரைச் செயலி காட்டிவிடக்கூடும். சற்று நேரம் நின்று கேட்பவருக்கு, ஒரே கிளையிலிருந்து அடுத்தடுத்து வேறு வேறு குரல்கள் வருவது புரிந்துவிடும்.

ஒரு பறவை, பல குரல்

பறவைகள் நம்மைப் போலத் தொண்டையின் மேற்பகுதியில் உள்ள குரல்வளையால் ஒலி எழுப்புவதில்லை. அவற்றின் குரலுறுப்புக்கு ‘சிரிங்க்ஸ்’ என்று பெயர். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில், நெஞ்சுக்குள் அது அமைந்துள்ளது. பாடும் பறவைகள் பலவற்றால் அதன் இடப் பக்கத்தையும் வலப் பக்கத்தையும் தனித்தனியாக இயக்க முடியும். அதனால்தான் ஒரே பறவை ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்ப முடிகிறது.

பறவை எழுப்பும் எல்லா ஒலியும் பாட்டு அல்ல. துணையை அழைக்கவும் ‘இது என் இடம்’ என்று அறிவிக்கவும் எழுப்பும் நீண்ட ஒலி பாட்டு. ஆபத்தைச் சொல்லவும் கூட்டத்தோடு தொடர்பில் இருக்கவும் எழுப்பும் குறுகிய ஒலி அழைப்பு. நம் மரங்களில் அடிக்கடி காணப்படும் மஞ்சள் நிற மாங்குயில் புல்லாங்குழல் போல இனிமையாகப் பாடும். அதே பறவை பூனை சீறுவது போலக் கரகரவென்றும் கத்தும். இரண்டும் ஒரே பறவையின் குரல் என்று தெரிந்தவர்கள் குறைவு.

குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். விடியுமுன்னே ‘கூ-ஊ, கூ-ஊ’ என்று ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திக்கொண்டே போவது ஆண் குயில். இனிய குரலுடைய பெண்ணைக் குயில் என்று சொல்வது நம் வழக்கம். ஆனால், அந்தப் புகழ்பெற்ற கூவல் கரிய நிற ஆணுடையது. புள்ளிகள் நிறைந்த பழுப்புப் பெண் குயில் ‘கிக் கிக் கிக்’ என்றுதான் குரல் கொடுக்கும். குயில் கூடு கட்டாது. சிங்கப்பூரில் அது பெரும்பாலும் காகத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. ஆகவே, குயில் விடாமல் கூவும் இடத்தில் அருகிலேயே காகக் கூடுகள் இருக்கக்கூடும். அதிகாலைத் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம் என்று எரிச்சல்படுவோருக்கும், ஒரு மரத்தின் கதையைக் கேட்பவருக்கும் வேறுபாடு இந்த அறிவுதான்.

பெயருக்குள் ஒளிந்திருக்கும் குரல்

நம் முன்னோருக்குச் செயலி இல்லை. அவர்கள் குரலைப் பெயராகவே வைத்துவிட்டார்கள். ‘கா கா’ என்று கரைவது காகம். ‘குக் குக்’ என்று இடைவிடாமல் ஒலிப்பது குக்குறுவான். ‘அக்கா அக்கா’ என்று அழைப்பது போலக் கூவுவது அக்காக்குயில். ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பது ஆட்காட்டி.

மலாய் மொழியிலும் இதே வழக்கம் உண்டு. புள்ளிப் புறாவுக்குத் ‘தெகுக்குர்’, செம்போத்துக்குப் ‘புபுட்’, கால்வாய் ஓரங்களில் நடமாடும் வெண்மார்புக் கானாங்கோழிக்கு ‘ருவாக்-ருவாக்’ என்று பெயர். இந்த மூன்று பெயர்களையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று பறவைகளின் குரலும் உங்களுக்கு வந்துவிடும். தமிழும் மலாயும் காதில் விழும் சூழலில் வளரும் மாணவர்களுக்கு இது கூடுதல் வசதி.

குரலே ஆபத்து, குரலே பாதுகாப்பு

பறவைக் குரலைக் கற்பது வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் வைக்கோல்தலை புல்புல் பறவையின் நிலையை அறிய வேண்டும். மலாயில் இதைப் ‘பாராவ்-பாராவ்’ என்பார்கள். தென்கிழக்காசியாவின் மிக இனிய குரல்களில் ஒன்று இதனுடையது. அந்தக் குரலே அதற்கு வினையானது. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் இயற்கையில் அது இல்லாமல் போனது. 2018ல் அது மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள பறவையாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று உலகில் எஞ்சியுள்ள இப்பறவைகளில் கணிசமான பகுதி நம் சிறிய நாட்டில்தான் இருக்கிறது. புலாவ் உபின் தீவு அவற்றின் முக்கியப் புகலிடம்.

அடர்ந்த இலைகளுக்குள் இருக்கும் இப்பறவையைக் கண்ணால் எண்ணுவது கடினம். ஆய்வாளர்களும் தொண்டூழியர்களும் குறித்த பாதையில் நடந்து, கேட்கும் குரல்களைக் கொண்டே எண்ணிக்கையைக் கணக்கிடுகிறார்கள். எண்ணிக்கை தெரிந்தால்தான் எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்ய முடியும். குரல் தெரியாதவர் அதே பாதையில் நடந்தால், பறவை இருந்தாலும் தெரியாது. ஒருநாள் அது இல்லாமல் போனாலும் தெரியாது. இந்த இரண்டாவது நிலைதான் கவலைக்குரியது.

எங்கே தொடங்குவது?

ஒரே நாளில் ஐம்பது குரல்களைக் கற்க முயலாதீர்கள். வாரத்துக்கு ஒரு பறவை போதும். குரல் கேட்டதும் நான்கு கேள்விகள் கேளுங்கள். சுருதி உயர்ந்ததா தாழ்ந்ததா? வேகமா நிதானமா? குழல் போன்றதா, உலோகத்தைத் தட்டுவது போன்றதா, கரகரப்பா? ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருகிறதா, மாறிக்கொண்டே போகிறதா? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். குரலைத் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பாருங்கள். பிறகு பறவையைத் தேடிக் கண்ணால் பாருங்கள். குரலும் உருவமும் ஒருமுறை சேர்ந்துவிட்டால் எளிதில் மறக்காது. செயலியைத் திறப்பது கடைசி வேலையாக இருக்கட்டும்.

ஒன்றைத் தவிருங்கள். பதிவு செய்த குரலைக் கைப்பேசியில் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது பதற்றப்படும். இரை தேடவும் குஞ்சுகளைக் கவனிக்கவும் வேண்டிய நேரமும் வீணாகும்.

செவித்திறன் குறைந்தவர்களுக்குச் செயலியும் ஸ்பெக்ட்ரோகிராமும் பெரிய வரம். அவர்கள் முதலிலேயே அவற்றை நாடுவதில் தவறில்லை. ஒலியைப் படமாகப் படிக்கக் கற்பது எல்லா மாணவருக்கும் பயன்படும் அறிவியல் பாடமும்கூட.

பள்ளிகளும் இதில் பங்கேற்கலாம். வாரத்தில் ஒரு நாள், காலை ஒன்றுகூடலுக்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக நின்று கேட்பதற்குச் செலவே இல்லை. கேட்ட பறவைகளை வகுப்புச் சுவரில் ஒரு பட்டியலாக எழுதலாம். ஒவ்வொரு தவணையும் அதைத் தொடர்ந்தால், எந்தக் குரல் புதிதாக வந்தது, எது நின்றுபோனது என்று அந்தப் பள்ளிக்கே ஒரு பதிவு உருவாகும். எந்தச் செயலியிலும் கிடைக்காத தகவல் அது. நாளைக் காலை பேருந்துக்குக் காத்திருக்கும்போது காதொலிக் கருவியைச் சற்று நேரம் கழற்றி வையுங்கள். உங்கள் பட்டியலின் முதல் பெயர் அங்கேயே கிடைக்கலாம்.