‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவர்

வேட்டைக் கதைகளைப் படிக்கையில் நம் மனத்தில் நிற்பவர் துப்பாக்கி பிடித்தவர்தாம். கென்னத் ஆண்டர்சனை அறிந்த அளவுக்கு அவருக்குத் தடம் காட்டிய பைராவை நாம் அறியோம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்காலம் முடிந்தது. ஆனால் வழிகாட்டியிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம் என்ற கேள்வி முடியவில்லை. துப்பாக்கி இருந்த இடத்தில் கேமரா வந்திருக்கிறது, அவ்வளவே.

2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிப்பது வேலை. உள்ளூர் வேட்டையாடிகள் பெரும்பாலும் சாலையோரங்களில் வண்டியிலேயே தேடுவர். இவர்களோ புதருக்குள் நடந்தனர். இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகள். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். அழைத்த அறிஞர்கள் செய்த நல்ல காரியம், அவர்களை அவர்கள் போக்கில் விட்டது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதே இருளரை நம் திருவள்ளூர் மாவட்டம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகவே அதிகம் கண்டிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட முடியவில்லை.

பழவேற்காட்டுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களோடு அண்ணாமலைச்சேரிக் கரையில் நின்றோம். தொலைவில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. உடன் வந்த மீனவப் பெரியவரிடம், “ஐயா, ஒருதரம் கை தட்டுங்க, பறக்கட்டும், படம் எடுக்கணும்” என்றான் ஒருவன். “அதுங்க சாப்பிடுது தம்பி. வேணாம்” என்றார். மாணவனுக்கு முகம் சுண்டிவிட்டது. கொடுத்த காசுக்கு இதுவா என்று நமக்கும் ஒரு கணம் தோன்றியதை மறைப்பானேன்?

2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அளவுக்கு மீறிய ஆட்கள்; உயிர்காப்பு உடை இல்லை. இன்னும் இரண்டு பேர்தானே, ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கரையில் நின்று கேட்பவர்கள் நம்மைப் போன்றவர்களே. மறுத்தால் அடுத்த படகுக்காரரிடம் போய்விடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே, மறுப்பவருக்கும் பேசிய கூலியை முழுதாகக் கொடுக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும். அன்று அந்தப் பெரியவருக்கு நாம் கொடுத்தது, பேசியதைவிட ஐம்பது ரூபாய் குறைவு.