குரலுக்கு மதில் எதற்கு?

சென்ற ஐப்பசியில் ஓர் இரவு, பெங்களூரில் என் விடுதி அறையில் நான் செய்த வேலையை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. சிரிப்போடு சிறிது சினமும் வருகிறது.

மறுநாள் காலை என் அப்பத்தாவுக்குக் கண்ணில் அறுவை. அதற்கு முன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் என் அண்ணனோடு ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்று அறந்தாங்கிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில் அவர் தவித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அப்பாவின் ஸ்மார்ட்போனில் வாட்ஸப் வழியே பேசுவார்கள். அன்றோ அது பழுது பார்க்கும் கடையில் கிடந்தது. வீட்டில் இருந்தது அப்பத்தாவின் பட்டன் போன் ஒன்றுதான். கண் மங்கியவர் விரலால் தடவியே எண்ணைக் கண்டுகொள்ளத்தக்க கருவி அது. அண்ணனின் சிம்மிலோ காசு தீர்ந்திருந்தது. தங்குமிடத்தின் வைஃபை மட்டும் இருந்தது.

அண்ணன் வாட்ஸப்பில் என்னை அழைத்தார். நான் அறைத் தோழனின் போனை வாங்கி, சாதாரண அழைப்பில் அப்பத்தாவைப் பிடித்தேன். இரண்டு போன்களின் ஒலிபெருக்கிகளையும் திறந்து, ஒன்றின் ஒலி மற்றொன்றின் வாயில் விழும்படி தலைகீழாகச் சேர்த்து, ஒரு ரப்பர் பட்டை போட்டுக் கட்டி மேசைமேல் வைத்தேன்.

"ஏப்பா, கெணத்துக்குள்ள இருந்தா பேசுற?" என்று கேட்டார் அப்பத்தா.

"இல்ல அப்பத்தா, சிங்கப்பூர்லதான்" என்றார் அண்ணன்.

கரகரப்பும் எதிரொலியுமாக இருபது நிமிடம் பேசினார்கள். வேறு வேறு வலைகளில் ஓடும் குரல்களை வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் இயந்திரத்தை ‘கேட்வே’ என்பார்கள். அந்த இயந்திரத்தின் வேலையை அன்று எங்கள் ரப்பர் பட்டை செய்தது!

இதில் வெட்கப்பட வேண்டியது யார்? விஞ்ஞானமா? இல்லை. விஞ்ஞானம் தன் கடமையை என்றோ முடித்துவிட்டது.

குரல் இணையத்தில் எப்படிச் செல்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். தொலைபேசிக் கணக்கின்படி, நாம் பேசும் ஒலியை ஒரு நொடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 8 பிட்டுகளில் எழுதுகிறார்கள். ஆக, நொடிக்கு 64,000 பிட்டுகள். இணையத்தில் அனுப்பும்போது இவற்றைப் பெரும்பாலும் 20 மில்லிநொடிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டுகிறார்கள். நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் சேருமிடத்தின் முகவரி இருக்கும். முன்பின்னாக வந்து சேர்பவற்றை மறுமுனையில் வரிசைப்படுத்தி மீண்டும் ஒலியாக்குகிறார்கள். வாயிலிருந்து காதுக்குச் செல்ல 150 மில்லிநொடிக்கு மேற்படாதிருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும் என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. படமும் காட்சியும் இவ்வாறே பொட்டலங்களாகத்தான் செல்கின்றன. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் ‘சிப்’ என்னும் பொது விதிமுறை உண்டு. அதன் இன்றைய வடிவம் 2002இல் வெளியிடப்பட்டது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

அப்பத்தாவின் பட்டன் போனிலும் குரல் எண்களாகத்தான் செல்கிறது. அண்ணனின் வாட்ஸப்பிலும் எண்களாகத்தான் செல்கிறது. எண்ணும் எண்ணும் சேர்வதற்கு இயற்கையில் தடை ஏதும் இல்லை. தடையை எழுப்பியவர்கள் மனிதர்கள்.

தொலைபேசிக்கு ஒரு பேரறம் இருந்தது, இன்றும் இருக்கிறது. யாரிடம் எந்த நிறுவனத்தின் தொலைபேசி இருந்தாலும், அவர் யாருடனும் பேசலாம் என்பதே அது. நம் நாட்டில் அந்த அறத்தைப் பரப்பியதில் நாம் வாழும் இந்தப் பெங்களூருக்குப் பெரும் பங்கு உண்டு. விடுதலைக்கு மறு ஆண்டு, 1948இல், இங்கேதான் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை எழுந்தது. அதைச் சூழ்ந்து எழுந்த குடியிருப்புக்குத் தூரவாணி நகர் என்று பெயரிட்டார்கள். தொலைவிலிருந்து வரும் குரல்! எவ்வளவு அழகான பெயர்! பிறகு 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் ஆராய்ச்சி நிலையம், டில்லியிலும் பெங்களூரிலும் இருந்து உழைத்து, சிற்றூர்களுக்கென்று ஒரு சிறிய தானியங்கித் தொலைபேசி நிலையத்தைப் படைத்தது. வெயிலையும் புழுதியையும் தாங்கி, குளிர்சாதனமே இல்லாமல் இயங்கவல்லது அது. அதன் முதல் நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. கித்தூர்க்காரர் கித்தூர்க்காரரோடு மட்டும் பேசட்டும் என்று எண்ணியா அதைச் செய்தார்கள்? ஊரை உலகோடு இணைக்கவன்றோ செய்தார்கள்!

தனியார் நிறுவனங்கள் வந்த பின்னும் இந்த அறத்தைச் சட்டம் காத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தன் சேவையைத் தொடங்கியது. குரலை முழுவதும் இணையப் பொட்டலமாகவே அனுப்பும் வோல்ட்டி முறையில் அமைந்த வலை அது. அந்த வலையிலிருந்து பிற வலைகளுக்குச் செய்த அழைப்புகள் ஏராளமாகத் தடைப்பட்டன. போதிய இணைப்பு முனைகளைத் தரவில்லை என்று கூறி, ஏர்டெல், வோடஃபோன், ஐடியா ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் சேர்த்து ரூ. 3,050 கோடி அபராதம் விதிக்குமாறு 2016 அக்டோபரில் ட்ராய் ஆணையம் பரிந்துரைத்தது. அந்த நிறுவனங்கள் அதை மறுத்தன, வழக்காடின. அவ்வழக்கின் நியாயம் எப்படியாயினும், குரலுக்கு வழி மறிப்பது குற்றம் என்ற கொள்கை அங்கே உரத்து ஒலித்தது.

அந்தக் கொள்கை இணையச் செயலிகளின் வாசலில் வந்ததும் வாய் மூடி நிற்பதேன்?

வாட்ஸப்பில் சேர வேண்டுமானால் நம் தொலைபேசி எண்ணைத்தான் கேட்கிறது. ஆனால், அங்கே சேராத ஓர் எண்ணை அதிலிருந்து அழைக்க முடியுமா? முடியாது. 112 என்ற அவசர எண்ணை அழைக்க முடியுமா? அதுவும் முடியாது. டெலிகிராமில் இருப்பவர் வாட்ஸப்பில் இருப்பவரை அழைக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு கோட்டை. ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு மதில். சாதாரணத் தொலைபேசியிலோ, 2011 ஜனவரி முதல் நம் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுவதும் இருக்கிறது. ஒரு நிறுவனம் மூடினாலும் நம் எண் நம்மோடு வரும். 2025 மே மாதத்தில் ஸ்கைப் மூடப்பட்டபோது, அதையே நம்பியிருந்தவர்கள் வேறு கோட்டை தேடிப் போக வேண்டியதாயிற்று.

நம் அரசாங்கம் இணையப் பேச்சை அறியாததன்று. 2002 ஏப்ரல் 1 முதல் இணையத் தொலைபேசிக்கு அது அனுமதி தந்தது; கணினியிலிருந்து கணினிக்கும், கணினியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்கும் பேசலாம், உள்நாட்டுத் தொலைபேசிக்கு மட்டும் கூடாது என்றது. அந்தத் தடை உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு முற்றிலும் நீங்க 2018 ஆயிற்று. அவ்வாண்டிலேயே பி.எஸ்.என்.எல். ‘விங்ஸ்’ என்ற சேவையை அறிவித்தது. இணையத்தில் இருந்தபடியே பத்து இலக்க எண்ணோடு எந்தத் தொலைபேசியையும் அழைக்கும் சேவை அது. ஆகவே, செய்ய முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. செய்தே ஆக வேண்டும் என்ற விதிதான் செயலிகளுக்கு இல்லை.

மறுப்புரைகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. "இலவசமாகத் தருகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்பது ஒன்று. அவர்களால் ஏழைக்கு விளைந்த நன்மையை நான் மறக்கவில்லை. கடல் கடந்த தமிழன் முகம் பார்த்துப் பேசுவது அவர்களால்தான். ஆயினும், இலவசம் என்பதால் கதவைச் சாத்தும் உரிமை வந்துவிடாது. கோடிக்கணக்கானோர் நடக்கும் பாதை, யார் போட்ட பாதையானாலும், பொதுப் பாதையே என்பது என் துணிபு.

"செலவை யார் ஏற்பது?" என்பது அடுத்தது. நம் நாட்டுக்குள், ஒரு கைப்பேசி நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் அழைப்புக்குக் கொடுக்க வேண்டியிருந்த கட்டணம் 2021 ஜனவரி 1இல் ஒழிந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புக்கு இன்னும் உண்டு. அதை நியாயமான அளவில் அழைப்பவரிடம் பெறட்டும். பத்துக் காசு கேட்டால் என் அண்ணன் தரமாட்டாரா? பத்துக் காசு தரவும் வழியில்லாமல் அடைத்திருப்பதைத்தான் குறை சொல்கிறேன்.

"இரகசியம் காக்கும் பூட்டு உடைந்துவிடும்" என்பது மூன்றாவது. மற்ற இரண்டையும்விட வலிமையானது. செயலிக்குள் பேசும் பேச்சு, பேசுவோர் இருவரைத் தவிர எவர்க்கும் விளங்காதபடி பூட்டப்பட்டுள்ளது. சாதாரணத் தொலைபேசிக்கு அது மாறும் இடத்தில் பூட்டைத் திறந்தாக வேண்டும். உண்மை. இதை அழைப்பவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாமே! அப்பத்தாவின் கண்ணைப் பற்றிய பேச்சுக்குப் பூட்டு வேண்டுமா என்பதை அப்பத்தாவும் பேரனும் முடிவு செய்துகொள்வார்கள். செயலிக்கும் செயலிக்கும் இடையிலோ பூட்டை உடைக்கத் தேவையே இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய டிஜிட்டல் சந்தைச் சட்டம், பெரிய செய்திச் செயலிகள் தம் கதவை மற்றச் செயலிகளுக்குத் திறக்க வேண்டும் என்கிறது. முதலில் எழுத்துச் செய்திக்கு, நான்காண்டுக்குள் குரலுக்கும் காட்சிக்கும். பூட்டின் வலிமை குறையக் கூடாது என்றும் அதே சட்டம் விதிக்கிறது. அங்கே ஆகும் காரியம், இத்தனை இணைய வல்லுநர்களைப் பெற்ற நாட்டில் ஆகாதா?

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல விரும்புகிறேன். இணைப்பைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்பது, எல்லாச் செயலிகளையும் உரிமம் என்ற கயிற்றால் கட்டி, எவர் யாரோடு பேசினார் என்று அரசாங்கம் ஒட்டுக் கேட்கட்டும் என்பதற்காக அன்று. சிறு நிறுவனங்கள் மேல் சுமை ஏற்றவும் வேண்டாம். கோடிக்கணக்கான மக்களை வைத்திருக்கும் பெரிய செயலிகளுக்கு மட்டும் மூன்று கடமைகள் போதும்: நியாயமான கட்டணத்தில் எந்தத் தொலைபேசி எண்ணையும் அழைக்க வழி, ஒரு செயலியிலிருந்து மற்றொன்றை அழைக்க வழி, அவசர எண்ணுக்குக் கட்டணமில்லா வழி.

பொட்டலம், அலைவரிசை, தாமதம் என்று ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் பேசும் நாம், அந்தப் பொட்டலம் எந்தக் கிழவியின் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்மார்ட்போன் வாங்கத் தெரிந்தவனுக்கே குரல் என்றால், விஞ்ஞானம் கற்ற நமக்கு அதில் பெருமை என்ன?

அப்பத்தாவுக்கு அறுவை நலமாக முடிந்தது. இப்போது பார்வை தெளிந்திருக்கிறது. ஆனாலும் பட்டன் போனை விட மாட்டேன் என்கிறார். விட வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் போனை நோக்கி வலை வர வேண்டுமே தவிர, வலையை நோக்கி அப்பத்தா ஓடக் கூடாது. அந்த நாள் வரும் வரை, என் மேசை இழுப்பறையில் அந்த ரப்பர் பட்டை பத்திரமாக இருக்கும்.